அறியாதோர் நிற்குமிடம்

விமான நிலையத்தின் பழைய முனையத்தை இடித்துப் புதுப்பிப்பது என்று முடிவானதும் முதலில் இடிபட்டது ஊழியர்கள் சாப்பிடும் அறைதான். அந்த இடத்தில், வேலை நடக்கும் நாட்களில் ஊழியர்களுக்குத் தகவல் சொல்வதற்கென்றே ஒரு பிரிவு எழும்பியது. அறிவிப்புப் பிரிவு என்று அதற்குப் பெயர். இனி எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்ற தகவல் மட்டும் அந்தப் பிரிவிடம் இல்லை.

பிரிவு பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வேலை தொடங்கிய முதல் வாரத்திலேயே மூட்டை ஏற்றுகிறவர் ஒருவர், பதினோரு வருடமாகத் திறந்து பழகிய கதவைத் திறந்தார். அதற்கு அப்பால் தரை இல்லை. கால் முறிந்தது. விசாரணைக் குழு மூன்று நாள் உட்கார்ந்து ஆராய்ந்து, பள்ளம் விதிப்படிதான் தோண்டப்பட்டிருக்கிறது, கதவு விதிப்படிதான் விட்டுவைக்கப்பட்டிருக்கிறது, விழுந்தவருக்குத்தான் போதிய தகவல் இல்லை என்று கண்டுபிடித்தது. பள்ளத்தை மூடுவதைவிட ஆட்களுக்கு அறிவூட்டுவது சுலபம் என்று மேலிடத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அந்த முனையத்தில் பத்தொன்பது வருடமாகச் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டிருந்தார் ஒருவர். எல்லாருக்கும் அவர் நாற்காலிக்காரர். நடக்க முடியாத பயணிகளை வாசலில் வாங்கி விமானக் கதவில் கொண்டுபோய் ஒப்படைப்பது வேலை. எந்த லிஃப்ட் நடுவில் நின்று மூச்சு வாங்கும், எந்தச் சரிவில் பின்பக்கமாக இறங்கினால் பயணிக்குப் பயம் வராது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்பேர்ப்பட்ட மனிதரையும் இந்தத் தகவல் யுகம் ஆட்டிவைத்துவிட்டது.

முதலில் எல்லாருடைய போனுக்கும் செய்தி வந்தது. 'இரண்டாம் லிஃப்ட் இன்று இயங்காது' என்று ஒரு வரி வரும். அதற்குக் கீழே நானூறு ஊழியர்கள் ஆளுக்கு ஒரு 'நன்றி ஐயா' போடுவார்கள். சிலர் கும்பிடும் கையும், சிலர் ரோஜாப்பூவும். நாற்காலிக்காரர் ஒரு கையால் பயணியைத் தள்ளிக்கொண்டு மறு கையால் நன்றிகளை விலக்கி விலக்கி லிஃப்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள், லிஃப்ட் வாசலுக்கே வந்துவிட்டிருப்பார். அது பூட்டிக்கிடக்கும். அறிவிப்பு மேலாளரோ நன்றிகளை எண்ணி, தகவல் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரைச் சென்றடைந்துவிட்டது என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். நன்றி சொல்லாத இரண்டு சதவீதத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போயிற்று.

அடுத்து தேர்வு வைத்தார்கள். புதிய முனையத்தில் எத்தனை தூண்கள் வரும், கூரையின் வடிவம் எதைக் குறிக்கிறது என்று இருபது கேள்விகள். நாற்காலிக்காரர் வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தார். இருநூற்றுப் பன்னிரண்டு தூண்கள். கூரை, பறக்கத் துடிக்கும் மனித மனத்தைக் குறிக்கிறது. மறுநாள் ஒரு பயணி கழிப்பறை எங்கே என்று கேட்டபோது அவர் திருதிருவென்று விழித்தார். பழைய இடத்தில் பலகை அடித்திருந்தது. புதிய இடம் பாடத்திட்டத்தில் இல்லை.

மூன்றாவதாக வந்ததுதான் பட்டை.

தினமும் மூன்று வேளையும் கூடத்தில் விளக்கக் கூட்டம். முடிவில் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு காகிதப் பட்டை ஒட்டுவார்கள். காலைக்கு மஞ்சள், பன்னிரண்டு மணிக்கு மேல் நீலம், மாலைக்குச் சிவப்பு. சரியான நிறம் இருந்தால் அவர் அறிந்தவர். நிறம் மாறிவிட்டால் அறியாதவர். அறியாதவர் முனையத்துக்குள் நடமாடக் கூடாது. எந்த இடத்தில் பட்டை காலாவதியாகிறதோ அதற்குப் பக்கத்தில் தரையில் வரைந்திருக்கும் வெள்ளை வட்டத்துக்குள் போய் நிற்க வேண்டும். வட்டத்தைச் சுற்றி 'அறியாதோர் நிற்குமிடம்' என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது.

வட்டத்தில் நிற்பவரைத் தேடி வந்து தகவல் சொல்ல ஓர் ஆளை நியமித்திருந்தார்கள். முதல் நாளே அந்த ஆளின் பட்டை மாடிப்படி அருகே காலாவதியாகி, அவரே ஒரு வட்டத்தில் நின்றார். பெட்டிவண்டி சேகரிக்கிற நெட்டையன், விழப்போன ஒரு குழந்தையைப் பிடிக்க வட்டத்தைவிட்டு இரண்டடி வெளியே வந்தான். குழந்தை பிழைத்தது. நெட்டையனின் நுழைவு அட்டையைப் பிடுங்கிக்கொண்டு பதினைந்து நாள் வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் யாரும் காலை வெளியே நீட்டவில்லை.

ஒரு கூட்டத்தில் நாற்காலிக்காரர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு எழுந்தார். "ஐயா, தூண் கணக்கெல்லாம் சரிங்க. இன்னிக்கு எந்த லிஃப்ட் ஓடுது?"

அறிவிப்பு மேலாளர் புன்னகைத்தார். ஒலிவாங்கி இல்லாமல் அவர் புன்னகைப்பதுகூட அபூர்வம்.

"நண்பர் கேட்டது தகவல் அல்ல, விவரம். நாம் விவரங்களில் சிக்கிக்கொள்ளக் கூடாது. தகவல் என்பது மேலிருந்து கீழே பாய்வது. கீழிருந்து மேலே வருவதற்குப் புகார் என்று பெயர். அதைப் பெறும் அலுவலகமும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. எப்போது திறக்கும் என்பதை உரிய நேரத்தில் உங்களுக்கு அறிவிப்போம்."

கூடம் கைதட்டியது. நாற்காலிக்காரரும் தட்டினார். தட்டாதவர்களைக் குறித்துக்கொள்ள ஓர் ஆள் நின்றிருந்தார்.

இந்த நிலைமையில்தான் அக்கா கிளம்புவதாகச் சொன்னாள்.

அவருக்கு இருக்கும் ஒரே உடன்பிறப்பு அவள்தான். பன்னிரண்டு வயது மூத்தவள். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருந்தவளை, தூர தேசத்தில் வேலை பார்க்கும் மகன் தன்னோடு வந்துவிடச் சொல்லிவிட்டான். திரும்பி வருகிற பயணம் இல்லை. இரண்டு முழங்கால் மூட்டிலும் அறுவை சிகிச்சை நடந்ததால் அவளால் நாலு அடிக்கு மேல் பிடிமானம் இல்லாமல் நடக்க முடியாது.

"இத்தனை வருஷம் ஊர்ல இருக்கவங்களையெல்லாம் தள்ளிட்டுப் போயிருக்க. நான் ஒரு தடவைகூட உன் வேலையைப் பாத்ததில்ல" என்றாள். "நீதான் என்னைக் கொண்டுபோய் விடணும். வேற யார் கையையும் நாற்காலில வைக்க விடமாட்டேன்."

"வாசல்ல இருந்து விமானக் கதவு வரைக்கும் நான்தான்க்கா. நீ உக்காந்துக்கிட்டு வேடிக்கை மட்டும் பாரு."

அவருக்கும் அது ஒரு ஆசையாகவே ஆகிவிட்டது. தொழிலில் பெருமைப்பட்டுக்கொள்ள அவருக்குப் பெரிதாக எதுவும் வாய்த்ததில்லை. அக்காவைப் பூப்போல இறக்கிவிட்டு, கதவருகே நின்று கையசைக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. மேற்பார்வையாளரிடம் மன்றாடி, அக்காவைத் தள்ளிக்கொண்டு போகும் பணிச்சீட்டைத் தன் பேருக்கு எழுத வைத்தார். முந்தின நாள் இரண்டு கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்தார். அன்று காலை மஞ்சள் பட்டையை ஒட்டிக்கொண்டு, அது கிழிந்துவிடாமல் இருக்கக் கையைக்கூடக் கழுவாமல் இருந்தார்.

விமானம் பன்னிரண்டு நாற்பதுக்கு. அக்கா பத்து மணிக்கே வந்துவிட்டாள். மடியில் ஒரு நீலத் துணிப்பை. நாற்காலியின் கால்தாங்கியைத் தம்பி குனிந்து சரிசெய்தபோது, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணிடம், "என் தம்பி. இங்கதான் வேலை பாக்கறான்" என்றாள். அந்தப் பெண் எதுவும் விசாரிக்கவே இல்லை.

பெட்டியைப் போட்டாயிற்று, சோதனையும் முடிந்தது. மரப்பலகையால் இரண்டு பக்கமும் அடைத்த ஒரு நீளமான பாதைக்குள் அவர்கள் போய்க்கொண்டிருந்தபோது மணி பதினொன்று ஐந்து. ஒலிபெருக்கி இனிமையாக மணியடித்தது.

'அன்பான ஊழியர்களே, தடுப்பு ஒன்று இரண்டடி நகர்த்தப்பட்டுள்ளதால் மஞ்சள் பட்டை இத்துடன் காலாவதியாகிறது. ஊதாப் பட்டை கூடத்தில் வழங்கப்படும். தகவலறிந்து பணியாற்றுவோம்.'

ஊதா என்று ஒரு நிறம் அதுவரை இருந்ததே இல்லை. நாற்காலிக்காரர் நடையை எட்டிப் போட்டார். பத்தடி போவதற்குள் பாதையின் முனையிலிருந்து காவலர் கையைக் காட்டிவிட்டார்.

காவலர்கள் வேறு துறை. அவர்களுக்கு எந்தத் தகவலும் சொல்லப்படுவதில்லை. எந்த நிறம் செல்லும் என்பது மட்டும் தெரியும்.

"பட்டையக் காட்டுங்க."

"இப்பதாங்க காலாவதியாச்சு. அறிவிப்ப நீங்களே கேட்டீங்களே."

"கேட்டேன். வட்டத்துக்குள்ள நில்லுங்க."

"பயணி இருக்காங்கய்யா. எங்க அக்கா."

"பயணி தாராளமா போகலாம். யாரும் தடுக்கல."

"அவங்க எப்படிப் போவாங்க? நடக்க முடியாதுன்னுதானே நாற்காலி?"

"அது எனக்குத் தெரியாதுங்க. நீங்க போகக் கூடாது, அவங்க போகலாம். அவ்வளவுதான் என் வேலை."

வேறொரு நாற்காலி ஆளை வரச்சொல்லலாம் என்று போன் போட்டார். அந்த ஆள் நான்காம் வாசல் வட்டத்தில் நின்றார். இன்னொருவர் லிஃப்டுக்குள்ளேயே காலாவதியாகியிருந்தார். அங்கே வட்டம் இல்லாததால் அவரால் இறங்கவும் முடியவில்லை.

காவலரே தள்ளிவிடலாமே என்று அக்கா கேட்டாள். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "எனக்கு உங்க வயசுல அம்மா இருக்காங்கம்மா. நாற்காலியத் தொட்டா எனக்கு வேலை போயிடும்."

பதினொன்று முப்பதுக்குப் பாதையில் கலகலவென்று பேச்சுச் சத்தம் கேட்டது. வேறொரு விமான நிலையத்திலிருந்து வந்த விருந்தினர்களுக்கு அறிவிப்பு மேலாளர் தன் ஏற்பாடுகளைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். நாற்காலிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஐயா! ஐயா! என் பட்டை காலாவதியாயிடுச்சுங்க. விமானத்துக்கு நேரமாகுது. நகர்ந்த தடுப்பு எதுன்னு நீங்களே சொல்லிடுங்க, நான் தெரிஞ்சுக்கறேன்."

மேலாளர் விருந்தினர்கள் பக்கம் திரும்பினார். "பார்த்தீர்களா? அறிந்துகொள்ள எவ்வளவு ஆர்வம்! ஒரு வருடத்துக்கு முன் இந்த மனிதர் தன் போக்கில் நடந்து போயிருப்பார். இன்று ஒரு வார்த்தை தகவல் இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டார். இந்தப் பண்பாட்டைத்தான் நாங்கள் உருவாக்கியிருக்கிறோம்."

விருந்தினர்கள் வட்டத்தைப் புகைப்படம் எடுத்தார்கள்.

"சொல்லிடுங்கய்யா" என்றார் நாற்காலிக்காரர். குரல் கெஞ்சியது.

"தகவல் கூடத்தில்தான் தரப்படும், நண்பரே. வழியில் சொன்னால் அது வதந்தி."

"கூடத்துக்குப் போக ஊதாப் பட்டை வேணுமே."

"ஆமாம்."

"ஊதாப் பட்டை கூடத்துலதானே குடுப்பாங்க?"

"மிக நல்ல கேள்வி" என்றார் மேலாளர். உண்மையிலேயே மகிழ்ந்துவிட்டார். "நல்ல கேள்விகளுக்கென்று கூடத்தில் தனிப் பெட்டி வைத்திருக்கிறோம். அவசியம் போடுங்கள்."

விருந்தினரில் ஒருவர், மேலாளரின் கையில் பட்டையே இல்லையே என்று கேட்டார். "நான் தகவல் பெறுபவன் அல்ல, தருபவன்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். அவருக்கும் எந்தத் தடுப்பு நகர்ந்தது என்று தெரிந்திருக்காது என்பதை அவர் முகத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். பத்தடி தள்ளி ஒரு பலகையில் முட்டிக்கொண்டு, அதையும் விருந்தினர்களுக்குச் சுட்டிக்காட்டி ஏதோ விளக்கினார்.

மணி பதினொன்று ஐம்பது. நாற்காலிக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பத்தொன்பது வருடத்தில் ஒரு பயணியைக்கூட அவர் விமானத்தைத் தவறவிட வைத்ததில்லை. தன் வீட்டு மனுஷிக்கா இப்படி நேர வேண்டும்?

அக்கா நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழுந்தாள். பின்பக்கம் வந்து தள்ளுகிற பிடியைப் பற்றிக்கொண்டாள். பிடிமானம் கிடைத்ததும் நிற்க முடிந்தது.

"உக்காரு" என்றாள்.

"என்னக்கா?"

"உக்காருடா. நீதான் நடக்கக் கூடாது. உக்காரக் கூடாதுன்னு யாரும் சொல்லல இல்ல?"

காவலர் சட்டைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். "நாற்காலியில் அமர்ந்திருப்பவர் பயணி எனக் கொள்ளப்படுவார். தள்ளுபவர் ஊழியர் அல்லது உடன் வருபவர்." இரண்டாம் முறையும் படித்தார். முகம் தெளிந்தது. "சரியாத்தாங்க இருக்கு. பயணிக்குப் பட்டை வேண்டாம். நீங்க தாராளமா உக்காரலாம்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஆனா எழுந்துடாதீங்க. எழுந்தா மறுபடியும் ஊழியர். அட்டைய வாங்கிடுவாங்க" என்றார்.

நாற்காலிக்காரர் உட்கார்ந்தார். அக்கா தள்ளினாள்.

அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது. சீருடை போட்ட ஆண்பிள்ளை நாற்காலியில் சாய்ந்திருக்க, அறுபது தாண்டிய பெண் காலை இழுத்து இழுத்துத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து வழிநெடுக ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். ஒருவர் "காலம் கெட்டுப்போச்சு" என்று காதுபடச் சொன்னார். உட்கார்ந்த இடத்திலிருந்து அவருக்குத் தெரிந்ததெல்லாம் இடுப்புகளும் பெட்டிகளும்தான். தான் தள்ளிக்கொண்டு போன அத்தனை பேரும் இந்த உயரத்திலிருந்துதான் உலகத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்பது அவருக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

"என்ன கனம்டா நீ" என்று மூச்சு வாங்கினாள் அக்கா. "எந்தப் பக்கம்?"

"இடதுக்கா. இல்ல, அடைச்சிருக்காங்க. நேராப் போ. இல்ல, இரு."

"உனக்கே தெரியலியா?"

"நேத்து தெரிஞ்சுதுக்கா."

அவள் சிரித்தாள். சிரிப்பினூடே மூட்டு வலியில் ஒருமுறை நின்றாள். பின்னால் திரும்பி அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. "எறங்கிடறேன்க்கா, அட்டை போனாப் போகுது" என்றார். "போனா நாளைக்கு வீட்ல அடுப்பெரிய என்ன பண்ணுவ? பேசாம உக்காரு" என்றாள். இரண்டு தடவை வழி தவறி, ஒரு சரிவில் ஏற முடியாமல் சுற்றிக்கொண்டு, விமானம் ஏறும் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு பதினெட்டு.

வாசலில் நின்ற விமானக் கம்பெனிப் பெண் பரபரப்பாக இருந்தாள். அவர் தலைக்கு மேலே அக்காவைப் பார்த்துத்தான் பேசினாள். "இவர் சீட்டு எங்கம்மா?"

"இவன் வரல. நான்தான் போறேன். இவன் இங்க வேலை பாக்கறவன்."

"அப்ப ஏன் உக்காந்திருக்கார்?"

கதவு மூட இருந்த இரண்டு நிமிடம் அதற்குப் பதில் சொல்லப் போதாது. அக்கா நாற்காலியைச் சுவர் ஓரமாகத் தள்ளி நிறுத்தினாள். குனிந்து அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை வியர்த்துப் போயிருந்தது.

"நேரத்துக்குச் சாப்பிடு. எதையும் மனசுல வச்சுக்காத. என்னைக் கொண்டாந்து விட்டுட்ட, போதும்."

"நான் எங்கக்கா விட்டேன்..."

"அம்மா, கதவ மூடணும்" என்றாள் அந்தப் பெண்.

அக்கா போனாள். நாற்காலி சுவரைப் பார்த்து நின்றிருந்தது. அவர் சக்கரத்தைத் திருப்பக் கையைக் கீழே விட்டார். கைக்கு எதுவும் அகப்படவில்லை. விமான நிலைய நாற்காலிகளுக்குச் சின்னச் சக்கரம். உட்கார்ந்திருப்பவர் தானாக அதை நகர்த்த முடியாது. தள்ளுகிறவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று அப்படிச் செய்தது. வசதியாகத்தான் இருந்தது, அவருக்கும், இத்தனை வருடமாக.

"அம்மா, கொஞ்சம் திருப்பி விடுறீங்களா?"

"நாற்காலியத் தொட எனக்கு அனுமதி இல்லைங்க."

எழுந்திருக்கலாம். இரண்டே அடி. வாசலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு காவலர் அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிக்காரர் காலைத் தரையில் ஊன்றினார். ஊன்றிய கால் அப்படியே இருந்தது. அவர் எழவில்லை. கழுத்தை முடிந்தவரை திருப்பிப் பார்த்தார். நாற்காலியின் முதுகுத் துணிக்கு அப்பால், கம்பியைப் பிடித்துப் பிடித்து நகர்கிற ஒரு நீலத் துணிப்பையின் நுனி ஒரு கணம் தெரிந்தது. பிறகு கதவு.

கொஞ்ச நேரத்தில் வாசல் காலியானது. அந்தப் பெண்ணின் முறை முடிந்து வேறொருத்தி வந்தாள். சுவரைப் பார்த்து ஒரு நாற்காலி நிற்பதைக் கண்டு, படிவத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். நல்ல பெண். இவள் மட்டும் குனிந்து அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"விமானத்த விட்டுட்டீங்களா? பரவாயில்லைங்க, கவலைப்படாதீங்க. உங்களக் கூட்டிட்டு வந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"அக்கா."

"எங்க இருக்காங்க?"

நாற்காலிக்காரர் கட்டைவிரலைத் தோளுக்கு மேலே தூக்கி, தன்னால் பார்க்க முடியாத பக்கத்தைக் காட்டினார்.